மருந்துக்குக் கேட்காத பைபோலார் மனச்சோர்வு: அடுத்து என்ன?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வயது 34. பைபோலார் டைப் 2, அதாவது மனசு மிதமாக எகிறுவதும் ஆழமாகச் சோர்ந்து விழுவதும் மாறி மாறி வரும் நோய் என்று சொல்லி 3 ஆண்டுகளாகச் சிகிச்சை. இதுவரை இரண்டு டாக்டர்கள், ஆறு மாத்திரைகள். மனசு எகிறிப் போகும் பக்கம் அடங்கிவிட்டது, ஆனால் 8 மாதமாகச் சோர்வு மட்டும் விடவில்லை. குளிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. டாக்டரிடம் போனால் ஐந்து நிமிடத்தில் ‘இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்’ என்று அனுப்பிவிடுகிறார். ‘எதுவும் கேட்கவில்லை, எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?’ என்று முடித்திருக்கிறீர்கள். நிறுத்துவதைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை வேறு மூன்று. கொடுத்த மருந்துகள் உண்மையிலேயே தோற்றனவா, அல்லது சரியாக முயன்று பார்க்கப்படவே இல்லையா? உண்மையிலேயே தோற்றிருந்தால் இன்னும் என்ன மிச்சமிருக்கிறது? அது அமையும்வரை ஒவ்வொரு நாளையும் எப்படித் தள்ளுவது? உங்களை நேரில் பார்க்காமல் உங்கள் மருந்தின் அளவைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நான் சொல்லக்கூடியதெல்லாம் இத்துறையில் எது உறுதி, எது அரைகுறை, எங்கே வழக்கமாகத் தவறு நடக்கிறது என்பதுதான்.

நிறுத்தலாமா என்பதற்கு முதலிலேயே பதில்: நீங்களாக, ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். பைபோலாருக்குக் கொடுக்கும் மருந்துகளில் லித்தியத்தைச் சட்டென்று விட்டவர்களுக்கு அடுத்த சில மாதங்களில் நோய் திரும்புவதும் தற்கொலை அபாயம் கூடுவதும் நன்றாக அறியப்பட்டவை. க்வெட்டியாபைனைத் திடீரென விட்டால் தூக்கம் போகும், குமட்டும். அந்தத் தூக்கக்கேடே ஹைப்போமேனியாவை, அதாவது மனசு மிதமாக எகிறும் நிலையை, இழுத்து வரலாம். லமோட்ரிஜினைச் சட்டென்று விட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு உண்டு. ஏறக்குறைய ஐந்து நாளுக்கு மேல் விட்டுவிட்டுப் பழைய அளவிலேயே மறுபடி தொடங்குவது அதைவிட ஆபத்து. பழையபடி 25 மி.கி.யிலிருந்துதான் ஏற வேண்டும். பயன் தராத மருந்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கைதான். அதை டாக்டரிடம் கேளுங்கள், படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதவில்லை என்றாலும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் அது உங்கள் குணக்கேடு கிடையாது, இந்த நோயின் ஒரு பகுதி. இருமல் இருக்கிறது என்று சொல்வதுபோல டாக்டரிடம் நேராகச் சொல்ல வேண்டிய அறிகுறி. எப்படி, எப்போது என்ற அளவுக்கு எண்ணம் போய்விட்டால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லிவிட்டு, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் இரவு பகலாகத் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. தமிழ்நாட்டில் 104-ம் உண்டு, இலங்கையில் 1926. மாத்திரைகளை வீட்டில் ஒருவர் கையில் கொடுத்து ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டம், வயல் உள்ள வீடென்றால் பூச்சிமருந்தை வீட்டிலேயே வைக்க வேண்டாம். அந்த எண்ணம் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் குறைந்த நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

பைபோலாரில் சோர்வுதான் முரடு. அமெரிக்காவில் ஜட் என்பவரின் குழு நோயாளிகளைப் பத்தாண்டுக்கும் மேலாக வாரம் வாரமாகக் கணக்கெடுத்தது. மனசு முழுவேகத்தில் எகிறும் மேனியா வரும் டைப் 1 உள்ளவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாரங்களைச் சோர்விலேயே கழித்திருந்தார்கள். டைப் 2 உள்ளவர்களுக்கு அது ஏறத்தாழ பாதி. மேனியாவை அடக்கும் மருந்துகள் நிறைய இருக்கின்றன, வேகமாகவும் வேலை செய்கின்றன. சோர்வைத் தூக்குபவை குறைவு, அவையும் மெதுவாகவே வேலை செய்யும். ஆகவே எட்டு மாதம் இழுப்பது அபூர்வமும் இல்லை, உங்கள் முயற்சி போதாததால் வந்ததும் இல்லை.

இப்போது முதல் கேள்வி. ஒரு தாளை எடுங்கள், அல்லது உங்களால் முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது எழுதச் சொல்லுங்கள். இதுவரை எடுத்த ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி. பிராண்ட் பெயர் வேண்டாம், அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர் வேண்டும். அதிகபட்சமாக எத்தனை மி.கி. வரை போனது, அந்த அளவில் எத்தனை வாரம் இருந்தது, கூட வேறென்ன எடுத்தீர்கள், கொஞ்சமாவது மாற்றம் தெரிந்ததா, ஏன் நிறுத்தப்பட்டது, வாரத்தில் எத்தனை வேளை தவறியது. கடைசிக் கட்டத்தில் பொய் எழுதாதீர்கள். மாத்திரை தவறுவது எல்லோருக்கும் நடக்கிறது. அது தெரியாமல்தான் நல்ல மருந்துகள் ‘தோற்றுப்போனவை’ பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன. பழைய சீட்டுகள் இல்லையென்றால் மருத்துவமனையில் கேட்கலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது.

அந்தத் தாளை வைத்துப் பார்த்தால், ‘ஆறு மருந்து தோற்றது’ என்பது பல நேரங்களில் ‘இரண்டுதான் ஒழுங்காக முயலப்பட்டது’ என்று மாறும். க்வெட்டியாபைனை எடுத்துக்கொள்ளுங்கள். பைபோலார் சோர்வுக்கு ஆய்வுகளில் பயன் காட்டிய அளவு இரவில் 300 மி.கி. 600 கொடுத்துப் பார்த்ததில் கூடுதல் பயன் இல்லை. ஆனால் தூக்கத்துக்கென்று 50, 100 மி.கி. கொடுத்து அங்கேயே நின்றுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அந்த அளவில் தூக்கம் வரும், மறுநாள் மப்பு வரும், சோர்வு அப்படியே இருக்கும். அதைத் தோல்வி என்று எழுதக் கூடாது. லுராசிடோன் இன்னொரு உதாரணம். குறைந்தது 350 கலோரி உணவோடு எடுத்தால்தான் அது உடலில் சரியாகச் சேரும், வெறும் வயிற்றில் பாதிகூடச் சேராமல் போகலாம். நான்கு இட்லி, சாம்பார், சட்னி என்றால் ஏறக்குறைய அந்தக் கணக்கு வரும். ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் போதாது. பசியே இல்லாத சோர்வில் இருப்பவர் இரவு ஒன்றும் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு ‘இதுவும் கேட்கலை’ என்பார்.

லமோட்ரிஜினில் பொறுமைதான் சிக்கல். முதல் இரண்டு வாரம் 25 மி.கி., அடுத்த இரண்டு வாரம் 50, பிறகு ஒரு வாரம் 100, அதன்பின் 200 என்று ஏற வேண்டும். வால்ப்ரோயேட் கூட இருந்தால் இதில் பாதி வேகம், பாதி அளவு. கார்பமஸெபின் இருந்தால் நேர்மாறாக அதிகம் தேவைப்படும். ஆக, முழு அளவை எட்டவே ஆறு வாரம் ஆகும், அதன் பிறகுதான் பார்க்கும் காலமே தொடங்குகிறது. ஐந்தாம் வாரத்தில் கைவிட்டிருந்தால் அது முயற்சியே ஆகாது. வேகமாக ஏற்றவும் கூடாது, ஏற்றினால் உயிருக்கே ஆபத்தான தோல் எதிர்வினை வரும் வாய்ப்பு கூடும். உடம்பில் தடிப்பு வந்தால், குறிப்பாகக் காய்ச்சலோ வாய்ப்புண்ணோ சேர்ந்தால், அடுத்த வேளையை எடுக்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை இதன் அளவை ரத்தத்தில் ஏறத்தாழ பாதியாகக் குறைத்துவிடும். இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகச் சீட்டு எழுதும்போது இது இருவர் கண்ணிலும் படாமல் போகும். இன்னொன்று உறுதியாகச் சொல்ல முடியாதது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டியது. பிரிட்டனில் நடந்து 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஃபோலிக் அமிலம் சேர்த்து எடுத்தவர்களுக்கு லமோட்ரிஜினின் பயன் தெரியாமல் போனது. ஒரே ஆய்வு, காரணமும் தெளிவில்லை. ஆனால் நம் ஊரில் ‘சத்து மாத்திரை’ என்று கொடுக்கும் பி-காம்ப்ளெக்ஸ் பலவற்றில் ஃபோலிக் அமிலம் இருக்கிறது என்பதால் அதைத் தாளில் குறித்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர் இதைப் படித்துவிட்டு ஃபோலிக் அமிலத்தைத் தானாக நிறுத்த வேண்டாம். அதேபோல் கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள எவரும் வால்ப்ரோயேட் எடுப்பதாக இருந்தால் மாற்று பற்றி உடனே பேச வேண்டும். கருவுக்கு அது செய்யும் கேட்டில் சந்தேகமே இல்லை.

லித்தியத்துக்கு மி.கி. கணக்கு போதாது, ரத்தத்தில் எவ்வளவு என்பதுதான் கணக்கு. பொதுவாக (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 0.6-க்கும் 1.0-க்கும் நடுவில், சோர்வுக்கு 0.8-ஐ ஒட்டி இருக்கப் பார்ப்பார்கள். 0.4-இல் ஓடிக்கொண்டிருந்த லித்தியத்தைத் தோற்றது என்று தள்ளிவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. அளவு மாறி ஐந்து முதல் ஏழு நாள் கழித்து, கடைசி வேளை எடுத்துச் சரியாக 12 மணி நேரத்தில் ரத்தம் கொடுக்க வேண்டும். இரவு 9 மணிக்கு எடுத்தால் காலை 9 மணிக்கு, காலை மாத்திரையைப் போடாமல். மாத்திரை போட்டுவிட்டு லேபுக்குப் போனால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும், டாக்டர் குறைத்துவிடுவார். தலைவலிக்கென்று கடையில் வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், சில ரத்த அழுத்த மாத்திரைகள், வயிற்றுப்போக்கு, திடீரென உப்பைக் குறைப்பது, நீர்கூட அருந்தாத விரதம், சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைவது எல்லாம் லித்தியத்தை ஏற்றிவிடும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது வந்தால் அடுத்த வேளையை நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிக்குப் பாரசிட்டமால் பரவாயில்லை. லித்தியத்துக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. பைபோலாரில் தற்கொலையைக் குறைப்பதற்கு மற்ற மருந்துகளைவிட அதிகச் சான்று இதற்குத்தான் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை தொல்லை என்பதற்காகவே இதைத் தவிர்க்கும் போக்கு எனக்கு உடன்பாடில்லை.

தாளில் எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் போன்றவை இருந்தால் அவற்றை அடிக்கோடிடுங்கள். சாதாரண மனச்சோர்வுக்கு இவைதான் முதல் வரிசை, பைபோலாருக்கு நிலைமை வேறு. அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஸ்டெப்-பிடி என்ற பெரிய ஆய்வில், மூட் ஸ்டெபிலைசரோடு (லித்தியம் போன்ற, மனநிலையை நிலையாக வைக்கும் மருந்து) சோர்வு மருந்து சேர்த்தவர்களில் 23.5 சதவீதத்தினரும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சேர்த்தவர்களில் 27.3 சதவீதத்தினரும் நிலையாகத் தேறினார்கள். அதாவது சேர்த்ததால் லாபமில்லை. டைப் 2-இல் சிலருக்கு இவை உதவுகின்றன என்பதும் உண்மை, அதில் நிபுணர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் இந்த மருந்து தொடங்கிய பிறகு எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை கூடியிருந்தாலோ, ஏற்ற இறக்கங்கள் அடிக்கடி வரத் தொடங்கியிருந்தாலோ, ‘இது இல்லாமல் பார்க்கலாமா?’ என்று டாக்டரிடம் கேட்பது மிகப் பொருத்தமான கேள்வி. புதிதாக எதையும் சேர்க்காமல் ஒன்றை மெல்ல எடுத்ததாலேயே தெளிந்தவர்கள் உண்டு.

சோர்வு போலவே வேஷம் போடும் மற்றவற்றையும் பார்க்க வேண்டும். லித்தியம் எடுப்பவருக்குத் தைராய்டு மந்தமாவது அடிக்கடி நடக்கும். டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), கால்சியம் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம். ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12 பாருங்கள், முக்கியமாகச் சைவம் என்றால். மாத்திரையால் 10 கிலோ ஏறி, இரவில் பலமாகக் குறட்டை விட்டு, காலையில் தலைபாரத்தோடு எழுந்தால் அது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறாக இருக்கலாம். அதற்கு மனநல மாத்திரையைக் கூட்டினால் இன்னும் மோசமாகலாம். உட்கார முடியாமல் காலை ஆட்டிக்கொண்டே இருப்பது, உள்ளே ஏதோ துரத்துவது போன்ற தவிப்பு ஆகியவை மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம், பதற்றம் என்று நினைத்து அதே மருந்தைக் கூட்டிவிடுவார்கள். கை நடுக்கத்துக்குக் கூடவே எழுதும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் ஞாபகத்தை மங்கலாக்கும். இப்போது தேவையா என்று கேட்கலாம். மது, தோல் வியாதிக்கோ ஆஸ்துமாவுக்கோ எடுக்கும் ஸ்டீராய்டு, நாட்டு மருந்து, யாரோ கொடுத்த லேகியம் எல்லாம் அதே தாளில் வர வேண்டும். அதிர்ச்சிகரமான பழைய அனுபவம், கவனக்குறைவுக் கோளாறு போன்றவை கூடவே இருந்தால், அல்லது பைபோலார் என்ற கணிப்பே தவறாக இருந்தால், எந்த மாத்திரையும் முழுதாகக் கேட்காது. கணிப்பை மறுபடி பார்க்கச் சொல்வது டாக்டரை அவமதிப்பதாகாது.

ஐந்து நிமிட சந்திப்புக்கு இந்தத் தாள்தான் ஆயுதம். ‘நல்லாவே இல்ல டாக்டர்’ என்றால் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. தாளைக் கையில் கொடுத்து, ‘இதில் எதெல்லாம் முழு அளவில் முயன்றது? இப்போதுள்ள மருந்தின் இலக்கு அளவு என்ன? எத்தனை வாரத்தில் மாற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்வோம்?’ என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். ‘இன்னும் ஒரு மாசம்’ என்பது தேதியுள்ள திட்டமாக மாறும். க்வெட்டியாபைன், லுராசிடோன் போன்றவற்றில் சரியான அளவுக்கு வந்து இரண்டு வாரத்தில் துளியும் மாற்றமில்லையென்றால் பெரிதாகப் பயன் வரும் வாய்ப்பு குறைவு. லித்தியத்துக்கும் லமோட்ரிஜினுக்கும் இந்த விதி பொருந்தாது, அவற்றுக்குக் கூடுதல் காலம் வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை நிரப்பி மதிப்பெண்ணை எழுதி வையுங்கள். தமிழிலும் கிடைக்கிறது, 0 முதல் 27 வரை வரும். சோர்வில் இருக்கும் மனசு ‘எப்போதும் இப்படித்தான் இருந்தேன்’ என்று சாதிக்கும். எண்ணிடம் அந்தச் சாதிப்பு எடுபடாது. 19 என்பது 14 ஆனால் உங்களுக்குத் தெரியாமல் போகலாம், டாக்டருக்கு அது பெரிய செய்தி. தாள் இருந்தும் பேச்சு நகரவில்லையென்றால் இன்னொரு கருத்து கேளுங்கள். சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிம்ஹான்ஸ், உங்கள் மாவட்டத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி என எங்கே போனாலும் அதே தாளையும் ரத்தப் பரிசோதனைகளையும் கொண்டுபோங்கள். அது இல்லாமல் போனால் முதல் மருந்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள்.

எல்லாம் ஒழுங்காக முயன்றும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பெட்டி காலியாகிவிடவில்லை. லித்தியத்தோடு க்வெட்டியாபைன், லித்தியத்தோடு லமோட்ரிஜின், லித்தியம் அல்லது வால்ப்ரோயேட்டோடு லுராசிடோன் என்று சேர்க்கைகள் உண்டு. கேரிப்ரசின் 1.5 முதல் 3 மி.கி. வரை அமெரிக்காவில் பைபோலார் டைப் 1 சோர்வுக்கு ஒப்புதல் பெற்றது, எடை அதிகம் ஏற்றாது, ஆனால் சிலருக்கு மேலே சொன்ன கால் தவிப்பு வரும். ஓலன்சபினும் ஃப்ளூவாக்ஸெட்டினும் சேர்ந்த மருந்து கேட்கும், விலை எடையிலும் சர்க்கரையிலும் கொடுக்க வேண்டியிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, நம் ஊரில் அதற்குப் பெயர் ‘ஷாக்’. பெயரைக் கேட்டாலே குடும்பம் எழுந்து போய்விடும். சினிமா செய்த சேதம் அது. மருந்துக்குக் கேட்காத பைபோலார் சோர்வில் மின் அதிர்வு சிகிச்சைக்கு (மயக்கத்தில் வைத்துத் தலையில் சிறிது மின்சாரம் செலுத்துவது) இணையான வலிமை வேறெதற்கும் இல்லை என்பதே என் மதிப்பீடு. நார்வேயில் இத்தகைய நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வில் இந்தச் சிகிச்சைக்கு 74 சதவீதத்தினரும், திட்டமிட்ட மருந்துச் சிகிச்சைக்கு 35 சதவீதத்தினரும் நல்ல முன்னேற்றம் காட்டினார்கள். நேர்மையாகச் சொன்னால், முற்றிலும் குணமானோர் எண்ணிக்கையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, ஆய்வும் சிறியது. நடைமுறை இதுதான்: வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, மொத்தம் ஏறத்தாழ 6 முதல் 12 முறை. முந்தைய ஆறு மணி நேரம் உணவு கூடாது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்துத்தான் செய்வார்கள். அவை இல்லாமல் செய்வதை 2017 சட்டம் தடைசெய்திருக்கிறது, யாராவது அப்படிச் செய்ய முன்வந்தால் எழுந்து வந்துவிடலாம். லித்தியத்தையும், லமோட்ரிஜின், வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மருந்துகளையும் அந்தக் காலத்தில் குறைப்பார்கள் அல்லது நிறுத்திவைப்பார்கள். மறதி வரும். புதிதாகக் கற்பதில் வரும் தடுமாற்றம் சில வாரங்களில் சரியாகும். சிகிச்சை நடந்த காலத்தை ஒட்டிய சில நினைவுகள் திரும்பாமலே போகலாம். அதைச் சிறியது என்று சொல்ல மாட்டேன். முடிந்தபின் தொடர்சிகிச்சை இல்லையென்றால் முதல் ஆறு மாதத்துக்குள் சோர்வு திரும்பும் அபாயம் அதிகம். சாப்பாடு தண்ணீர் நின்றுபோனவர், சாவு எண்ணம் முற்றியவர் போன்றோருக்கு இது கடைசி வழியாக இல்லாமல் முதல் வழியாகவே இருக்க வேண்டும்.

கெட்டமைன் என்ற மயக்க மருந்து சிலரைச் சில மணி நேரத்திலேயே, அல்லது சில நாளிலேயே, சோர்விலிருந்து தூக்கிவிடுகிறது. ஆனால் பைபோலாரில் சான்று சிறிய ஆய்வுகளோடு நிற்கிறது, பயனும் சீக்கிரம் கரைகிறது. தலையில் காந்தத் துடிப்பு கொடுக்கும் சிகிச்சைக்குச் சாதாரண மனச்சோர்வில் நல்ல பெயர், பைபோலாரில் முடிவுகள் கலவை. பெரிய பணம் கேட்டுப் ‘புதிய தொழில்நுட்பம்’ என்று விளம்பரப்படுத்துபவரிடம், பைபோலாருக்கு என்ன சான்று என்று தனியாகக் கேளுங்கள். மீன் எண்ணெய்க்குச் சிறிய பயன் இருக்கலாம், மாற்றாக ஆகாது.

பேச்சு சிகிச்சையை மருந்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் போல நினைப்பது தவறு. அதே ஸ்டெப்-பிடி திட்டத்தில், ஒன்பது மாதத்தில் 30 அமர்வு வரை தீவிரப் பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் ஓராண்டுக்குள் தேறினார்கள். மூன்று அமர்வு மட்டும் பெற்றவர்களில் அது 52. சோர்வு மருந்து சேர்த்ததைவிட இது கூடுதல் லாபம் என்பதைக் கவனியுங்கள். சிந்தனைப் பழக்கங்களைத் திருத்தும் முறை, குடும்பத்தைச் சேர்த்து உட்காரவைக்கும் முறை, நாளின் தாளத்தைச் சீர்செய்யும் முறை மூன்றுமே பயன் தந்தன. இதற்கெனப் பயிற்சி பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை என்பதும் தெரிந்ததுதான். மூன்றாவது முறையின் பெரும்பகுதியை வீட்டிலேயே தொடங்கலாம் என்பது ஆறுதல்.

அதன் உள்ளே இருக்கும் கருத்து எளிது. பைபோலார் உள்ளவரின் உடல் கடிகாரம் சட்டென்று தடம் புரளும். எழுவது, முதல் ஆளோடு பேசுவது, வேலை தொடங்குவது, இரவுச் சாப்பாடு, படுப்பது என்ற ஐந்தும் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தால் கடிகாரம் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடாதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்கு எழும் நேரத்தை மட்டும் பிடியுங்கள். இப்போது 11 மணிக்கு எழுகிறீர்கள் என்றால் 10:45. வாரத்துக்குக் கால் மணி நேரம் முன்னே இழுத்தால் போதும். எழுவது என்றால் சுறுசுறுப்பாவது இல்லை, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இரவு தூங்காவிட்டாலும் அதே நேரத்தில் எழுங்கள், பகல் தூக்கம் மதியம் மூன்று மணிக்கு முன் அரைமணி நேரத்தோடு நிற்கட்டும். இரவு ஷிப்ட் வேலையென்றால் பகலுக்கு மாற்றித் தரும்படி டாக்டர் கடிதம் வாங்குங்கள். இரவு ஷிப்டில் இருந்துகொண்டே தேறுவது மிகக் கடினம்.

வெளிச்சம் அடுத்தது. 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூட் ஸ்டெபிலைசர் எடுக்கும் பைபோலார் நோயாளிகள் நண்பகலுக்கும் இரண்டரை மணிக்கும் இடையே 7,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) விளக்கின் முன் உட்கார்ந்தார்கள். 15 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டி ஒரு மணி நேரம் வரை. ஆறு வாரத்தில் 68 சதவீதம் பேர் தேறினார்கள், மங்கல் விளக்கின் முன் உட்கார்ந்தவர்களில் 22 சதவீதம். 46 பேரே இருந்த ஆய்வு, ஆகவே அளவோடு நம்ப வேண்டும். காலையில் கொடுத்தால் சிலருக்குக் கலப்பு நிலை (சோர்வும் எகிறலும் ஒன்றாக இருப்பது) வந்ததால்தான் நண்பகலைத் தேர்ந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் விளக்கு வாங்கத் தேவையில்லை, பட்டப்பகலில் மரநிழலிலோ திறந்த திண்ணையிலோ அதற்கு நிகரான வெளிச்சம் இருக்கிறது. விளக்கில் கிடைத்த முடிவு திண்ணையிலும் அப்படியே வரும் என்பது என் ஊகம்தான், நிரூபணம் இல்லை. சூரியனைப் பார்க்காதீர்கள், நேர் வெயிலில் நிற்காதீர்கள், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

வேலைகளுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: நல்ல நாளில் செய்வதில் பத்தில் ஒரு பங்கு. குளியல் முடியாவிட்டால் ஈரத்துண்டால் முகம், கழுத்து. சமையல் முடியாவிட்டால் தயிர்சாதம், வாழைப்பழம், வேகவைத்த முட்டை. நடை என்றால் தெருமுனை வரை போய் வருவது. மனசு வந்தபின் செய்யலாம் என்று காத்திருந்தால் இந்த நோயில் அது வராது. செய்தபின் கொஞ்சம் வரலாம், சில நாள் அதுவும் வராது. வராத நாளிலும் செய்த வேலை கணக்கில் சேரும். ராஜினாமா, விவாகரத்து, நிலம் விற்பது போன்ற முடிவுகளைத் தேறும்வரை தள்ளிவையுங்கள். வேலையை விடுவதற்குப் பதில் மருத்துவ விடுப்பு எடுக்கலாம்.

வீட்டாருக்கும் இரண்டு வார்த்தை. ‘எழுந்து நாலு வேலை செஞ்சா சரியாயிடும்’ என்பது அன்பில் சொன்னாலும் அடி போல விழும். அதைவிட, ‘பத்து மணிக்குக் காபி போட்டு வைக்கிறேன், திண்ணையில உட்காரலாம், பேச வேண்டாம்’ என்பது உதவும். மாத்திரை எண்ணுவது, ரத்தப் பரிசோதனைத் தேதி, தாள் எழுதுவது எல்லாம் உங்கள் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்ளுங்கள். சோர்வோடு சேர்ந்து படபடப்பு, ஓயாத ஓட்டமாக எண்ணங்கள், தூக்கமின்மை, எரிந்து விழுதல் வந்தால் அது கலப்பு நிலை. விரக்தியும் விசையும் ஒரே நேரத்தில் இருப்பதால் இந்த நோயின் மிக ஆபத்தான கட்டம் அதுதான். அன்று தனியாக விடாதீர்கள், அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

தேறும்போது எப்படித் தேறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதைத் தவறவிடுகிறார்கள். முதலில் தெரிவது சந்தோஷம் கிடையாது. தூக்கம் கொஞ்சம் கெட்டியாகும், சாப்பாட்டில் உப்பு குறைந்தது தெரியும், போன் அடித்தால் எடுக்கத் தோன்றும். பெரும்பாலும் உங்களுக்கு முன் வீட்டாருக்குத் தெரியும். நம்பிக்கைக்கு முன்பே உடம்பில் தெம்பு திரும்பும் சில வாரங்கள் உண்டு, மாத்திரைகளை வீட்டார் கையிலிருந்து அப்போது திரும்ப வாங்க வேண்டாம். நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல், எட்டு மாத வேலையை ஒரே நாளில் முடிக்கும் வேகம் வந்தால் அதைக் கொண்டாடாமல் இரண்டாம் நாளே டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள்.